குரோஷே பூசணிக்காயை எந்திரம் பின்னுமா?

கண்டுநூல் (ஸ்காபரோ)

நம் கருத்துக்களத்தின் விற்பனைப் பகுதியில் நேற்று ‘மேப்பிள்வாசி’ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஹாலோவீனுக்காகக் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பூசணிக்காயை 25 டாலருக்கு விற்கிறவர்கள் அனைவரும் எந்திரத்தில் அரை மணி நேரத்தில் சுற்றி எடுத்ததைக் கைவேலை என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அக்டோபர் 31-ஆம் தேதிக்காக ஆகஸ்டிலேயே கொக்கி ஊசியைக் கையில் எடுக்கிறவள் நான். குரோஷே பின்னிக் கடைக்குச் சரக்கு அனுப்பும் எந்திரம் உலகில் எங்கும் கிடையாது. பெரிய கடையில் 5 டாலருக்குக் கிடைக்கும் குரோஷே பூசணிக்காயைக்கூட எங்கோ ஒருத்தி குனிந்து உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்கிறாள்.

என் பூசணிக்காய் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். உல்லன் என்று நாம் சொல்லும் ஆரஞ்சு நிற அக்ரிலிக் நூலில் 21 சங்கிலி போட்டுத் திரும்பி, வரிசைக்கு 20 ஒற்றைக் குரோஷே தையல் வீதம் 40 வரிசை பின்ன வேண்டும். ஒவ்வொரு தையலிலும் பின்பக்கக் கண்ணியில் மட்டும் கொக்கியை நுழைத்தால்தான் பூசணிக்காயின் வரிகள் புடைத்து நிற்கும். இது 800 தையல். பிறகு இரு ஓரங்களையும் இணைத்துக் குழாயாக்கி, ஒரு முனையைச் சுருக்கி, பஞ்சு அடைத்து, மறுமுனையையும் சுருக்கி, நீண்ட ஊசியால் நடுவே நூலை இழுத்துக் குழி விழச் செய்ய வேண்டும். காம்பும் சுருள்கொடியும் தனி வேலை. எனக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. ஏமாற்றுக்காரி என்ற பட்டத்தை எவரிடமிருந்தும் வாங்கிக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை.

மேப்பிள்வாசி (பிராம்ப்டன்)

நான் உங்கள் பெயரைக் குறிப்பிடவே இல்லை, அக்கா. ஆனால் எந்திரம் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க முடியாது. ஏனென்றால் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். தெரிந்த ஒருவரின் வீட்டு நிலவறையில் வட்டமான பிளாஸ்டிக் எந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் 48 ஊசிகள் இருக்கின்றன. நூலை மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால் குழாய் போலப் பின்னல் கீழே இறங்குகிறது. இரு முனைகளையும் சுருக்கிப் பஞ்சை அடைத்தார், பூசணிக்காய் தயாராகிவிட்டது. அப்படி ஒன்றைத்தான் 25 டாலர் கொடுத்து வாங்கி என் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன்.

கண்டுநூல்

தம்பி, நீங்கள் பார்த்தது நிட்டிங் எந்திரம். அதிலிருந்து வந்தது நிட்டிங் பூசணிக்காய். நிட்டிங்கில் ஒரு சுற்றின் கண்ணிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஊசிகளில் திறந்தே நிற்கும். அதனால்தான் 48 கண்ணிக்கு 48 ஊசி வைத்து எந்திரம் செய்ய முடிகிறது. குரோஷேயில் எப்போதும் கொக்கியில் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். கீழ்வரிசைத் தையலுக்குள் கொக்கியை நுழைத்து, நூலை இழுத்து, இரண்டு கண்ணிகளையும் ஒன்றாக்கி முடித்த பிறகே அடுத்த தையலுக்குப் போக முடியும். இந்த வேலையைக் கை செய்கிறது. எந்திரம் செய்வதில்லை.

மேப்பிள்வாசி

தமிழில் இரண்டுக்கும் பின்னல் என்றுதான் பெயர். என் அம்மாவும் இரண்டையும் பின்னல் என்றே சொல்வார். பெயரைப் பிரித்துக் காட்டிவிட்டு எந்திரத்தையே இல்லையென்று சொல்வது நியாயம் ஆகாது. கைப்பிடி சுழன்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

எசன்வாசி (ஜெர்மனி)

நான் துணி ஆலையில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். பட்டி, கரை, குஞ்சம் ஆகியவற்றைச் செய்வதற்காக எங்கள் தொழிலில் ‘குரோஷே எந்திரம்’ என்ற பெயரிலேயே ஒன்று உண்டு. பீலஃபெல்ட் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையான குரோஷேயைப் பின்னும் மாதிரி எந்திரம் ஒன்றையும் உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே உலகில் எங்கும் கிடையாது என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால் யோசித்திருக்கலாம்.

மேப்பிள்வாசி

பொறியியல் அறிந்தவரே சொல்லிவிட்டார். எந்திரம் இருக்கிறது. அக்கா இனி என்ன சொல்லப் போகிறார் என்று பார்ப்போம்.

கண்டுநூல்

சொல்வதற்கு நிறைய இருக்கிறது. முதலில், ஆலையில் குரோஷே எந்திரம் என்று அழைக்கப்படுவது வார்ப் நிட்டிங் எந்திரம், அதாவது நீளவாட்டில் ஓடும் பல நூல்களைக் கண்ணிகளாகக் கோக்கும் எந்திரம்; அதன் பெயரில்தான் குரோஷே இருக்கிறது, வேலையில் இல்லை. எசன்வாசி ஐயாவுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துகொண்டே பாதியை மட்டும் சொன்னார் என்பதுதான் என் வருத்தம். இரண்டாவதாக, பீலஃபெல்ட் எந்திரம் ஆய்வுக்கூடத்தில் தட்டையான துணியைப் பின்னிக் காட்டும் மாதிரி. கடைக்குச் சரக்கு அனுப்பும் எந்திரம் கிடையாது என்றுதான் நான் எழுதினேன். என் முதல் பதிவை மீண்டும் படியுங்கள். உருண்டையாகப் பின்னும் பேய்ப்பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். மாய வளையத்தில் (இழுத்தால் இறுகும் தொடக்க வளையம்) 6 தையலில் தொடங்கி 12, 18, 24 என்று பெருக்கிக்கொண்டே போய், தலை அளவு வந்ததும் நேராகப் பின்னி, கண்களை அழுத்தி, கீழே மடிப்பு விழுவதற்காக ஒவ்வொரு தையலிலும் இரண்டைப் போட்டு விரிக்கிறேன். எந்த எந்திரம் இதைச் செய்து கடைக்கு அனுப்புகிறது? ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்.

டப்ளின்வாசி (அயர்லாந்து)

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்கள் ஹாலோவீன் என்றாலே பூசணிக்காய்தான் என்று பேசுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. சவின் என்ற பழைய பண்டிகையிலிருந்து வந்த இந்த இரவில், எங்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள்; கடல் கடந்த பிறகுதான் அது பூசணிக்காய் ஆனது. குரோஷேயும் எங்களுக்கு அலங்காரம் மட்டும் அல்ல. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தபோது, கார்க் நகரிலும் மோனகன் மாவட்டத்து குளோன்ஸ் ஊரிலும் பெண்கள் குரோஷே லேஸ் பின்னி விற்றுத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். நான் இந்த ஆண்டு குரோஷேயில் டர்னிப் பின்னியிருக்கிறேன்: மேலே ஊதா, கீழே வெள்ளை, பல் தெரியும் கோர முகம். அதைப் பற்றிக் கேட்க இங்கே ஒருவருக்கும் நேரம் இல்லை.

கண்டுநூல்

டர்னிப் அழகாகத்தான் இருக்கும், சகோதரி. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துச் சாட்சி. எந்திரம் செய்யக்கூடிய வேலையாக இருந்திருந்தால் அந்தப் பஞ்ச காலத்துப் பெண்களுக்குக் கூலி கிடைத்திருக்காது. வேறு லேஸ் வகைகளை எந்திரத்தில் போட்டுவிட்டார்கள்; குரோஷேயை இன்றுவரை அப்படிச் செய்ய முடியவில்லை.

டப்ளின்வாசி

நான் யாருக்கும் சாட்சி சொல்வதற்காக எழுதவில்லை. டர்னிப்பைப் பற்றி எழுதினேன்.

கொக்கிராணி (நியூ ஜெர்சி)

கைவேலையின் பெருமையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதும் கண்டுநூல் அக்கா, சென்ற ஆண்டு தான் வெளியிட்ட வௌவால் செய்முறைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ‘டபுள் குரோஷே’ என்று எழுதியிருந்தார். நான் அமெரிக்க முறையில் பின்னினேன். சிறகுகள் இரு மடங்கு உயரமாகி, துணி ஓட்டை ஓட்டையாகத் தொங்கி, என் வௌவால் மீன்வலையைப் போல ஆகிவிட்டது. நான்கு கண்டு கறுப்பு நூல் வீணாயிற்று. அவர் பிரிட்டன் முறையில் எழுதியிருக்கிறார் என்பதும், அங்கே டபுள் என்பது இங்கே சிங்கிள், அதாவது ஒற்றைக் குரோஷே, என்பதும் பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, செய்முறையைத் திருத்தவும் இல்லை.

கண்டுநூல்

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் பிரிட்டன் முறையில் கற்றவள். அங்கே டபுள் என்றால் டபுள்தான். செய்முறையின் தொடக்கத்திலேயே மாதிரிச் சதுரம் ஒன்றைப் பின்னி அளந்து பார்க்கச் சொல்லியிருந்தேன்; அளந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பூசணிக்காய்க்கு மட்டும் இங்கே எல்லாருக்கும் பழகிய பெயரில் ஒற்றைக் குரோஷே என்று எழுதினேன். இப்போது நடப்பது எந்திரத்தைப் பற்றிய பேச்சு. அதை வௌவாலை வைத்து மறைக்க வேண்டாம்.

கொக்கிராணி

ஆக, எல்லாருக்கும் பழகிய பெயர் உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என் நான்கு கண்டு நூலுக்கு அதுவே பதில். இன்னொன்றையும் சொல்கிறேன். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் பூசணிக்காய்க்கு அருகிலேயே மெழுகுவத்தி எரிகிறது. அக்ரிலிக் நூல் தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்து நிற்கும் வாசலில் பேட்டரி விளக்கைத்தான் வைக்க வேண்டும்.

கண்டுநூல்

அது பேட்டரி விளக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் பொத்தான் தெரியும். என் வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசு உண்டு என்பதற்கு அது அடையாளம். பிள்ளைகளின் பாதுகாப்பை எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மேப்பிள்வாசித் தம்பி, உங்களை நான் விடுவதாக இல்லை. வாசலில் வைத்திருக்கும் பூசணிக்காயை எடுத்து, சுருக்கிய முனையின் முடிச்சை அவிழ்த்து, நூல்முனையை இழுத்துப் பாருங்கள். ஒரே கண்ணி நின்று தையல் தையலாகப் பிரிந்தால் அது குரோஷே. ஊசியில் நின்ற கண்ணிகள் வட்டமாக வரிசையில் திறந்து நின்றால் அது நிட்டிங். இரண்டு நிமிட வேலை. நிட்டிங்கைக் குரோஷே என்று சொல்லி ஒருவர் விற்றிருந்தால் அவரைக் கேளுங்கள். கையால் பின்னுகிற எங்கள் அனைவரையும் ஏமாற்றுக்காரர் என்று எழுதியதைத் திரும்பப் பெறுங்கள்.

மேப்பிள்வாசி

25 டாலர் கொடுத்து வாங்கிய பொருளை உங்கள் பிடிவாதத்துக்காக நான் எதற்குப் பிரிக்க வேண்டும்? அது நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன். எந்திரம் சுழன்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

எசன்வாசி

அவர் பார்த்தது எந்திரம்தான் என்பதில் ஐயமில்லை.

கண்டுநூல்

நிட்டிங் எந்திரம். நூல்முனையை இழுத்த பிறகு படத்தை இங்கே போடுங்கள், தம்பி. இன்றிரவு இன்னொரு பூசணிக்காயின் 23-ஆம் வரிசையில் இருக்கிறேன். மீதி 17 வரிசையையும் பின்னி முடிக்கும்வரை விழித்துத்தான் இருப்பேன்.