எல்லோருக்கும்தானே செய்கிறோம் என்கிறது கமிட்டி, என்ன பதில் சொல்வது?

கொழிஞ்சாம்பாறைக்காரன் கேட்டது:

வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊரில் 8 வருடமாக ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, வருடத்துக்கு இரண்டு மருத்துவ முகாம். இப்போது நிதிக்கு விண்ணப்பம் போட்ட இடத்தில், பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். கமிட்டியில் 9 பேர். 8 பேர் ஆண்கள், எல்லோரும் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். "நாம் யாரையும் சாதி பார்த்து ஒதுக்கியதில்லையே, எல்லோருக்கும்தானே செய்கிறோம்" என்கிறார்கள். நல்ல மனிதர்கள், சொந்தக் காசைப் போட்டு ஆரம்பித்தவர்கள். ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. எப்படி எடுத்துச் சொல்வது?

முதலமடை அக்கா:

தம்பி, நான் 14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எங்களிடமும் இதே பேச்சுதான் இருந்தது. மாந்தோப்புப் பக்கம் இருக்கிற காலனிக்காக ஒரு கண் முகாம் போட்டோம். செவ்வாய்க்கிழமை காலை 10 மணி, மலையாளத்தில் நோட்டீஸ். காலனியிலிருந்து வந்தது நாலே பேர். "அவங்களுக்கே அக்கறை இல்லை" என்று கமிட்டியில் எழுதியே வைத்துவிட்டோம். அந்த வரியை எழுதியது நான்தான், இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் அந்தக் காலனியிலிருந்து தோப்பு வேலைக்குப் போகிற ஒரு அம்மாவைக் கமிட்டியில் சேர்த்தோம். முதல் கூட்டத்தில் நாற்காலி காலியாக இருந்தும் வாசல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் யாரும் எழுந்து கூப்பிடவில்லை. இரண்டு கூட்டம் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் கேட்டார்: "மாங்கா சீசன்ல விடியக்காலை ஆறு மணிக்கே போயிருவோம், பத்து மணிக்கு யாருங்க வருவா? எங்க பிள்ளைங்க படிக்கிறது தமிழு. அந்த நோட்டீஸை யாரு படிச்சுச் சொல்றது?" முகாமை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம், தமிழிலும் நோட்டீஸ் அடித்தோம். சாயங்காலம் வரிசை தெரு முனை வரைக்கும் நின்றது. அதே டாக்டர், அதே செலவு.

சமவாய்ப்பு என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது பணத்தில்தான். கூட்டத்துக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதைக் கொடுக்கலாம் என்றதும் "சேவைக்குக் காசா?" என்று சண்டையே வந்தது. தோப்புக்காரர் இங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் குறையாது. அந்த அம்மா வீட்டில் அன்றைக்கு அரிசி குறையும். கடைசியில் கூலியும் பஸ் காசும் கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம்.

உங்கள் கமிட்டிக்கு பிளாச்சிமடையை நினைவுபடுத்துங்கள், கோகோ கோலா ஆலை இருந்த ஊர், பக்கத்தில்தானே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது முதலில் தெரிந்தது அதைச் சுமந்து சமைத்தவர்களுக்குத்தான். அந்த ஆலையை எதிர்த்து 2002இல் தொடங்கிய போராட்டத்தை முன்னே நின்று நடத்தியவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண். 2004இல் ஆலை நின்றது. அவரைப் போன்ற ஒருவர் உங்கள் கமிட்டியில் இருந்தால் எத்தனை விஷயம் முன்னாடியே தெரிந்திருக்கும்!

மறையூர்த் தமிழன்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒன்றே ஒன்று, ஒருவரை மட்டும் சேர்க்காதீர்கள். தனி ஆள் என்றால் நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும்தான் கூப்பிடுவார்கள். இரண்டு மூன்று பேராக இருந்தால்தான் பேச்சு வரும். சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாமல் உதவிக்கு வருகிறவர்களையும் சேர்த்து வேலை செய்கிறவர்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். டிரஸ்ட் என்பதால் விலக்கு கிடையாது. ஆமாம், உங்கள் ஆபீஸ் மாடியிலா? எங்களுடையது மாடியில் இருந்தது. கால் முடியாத ஒரு பையன் கீழே நின்றே பேசிவிட்டுப் போவான், நாங்கள் அதைப் பழகிவிட்டோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

மாடியில்தான் அண்ணா, 17 படி. இப்போதுதான் எண்ணிவிட்டு வந்தேன். அக்கா, அந்தக் கூலித் தீர்மானத்தை எப்படி எழுதினீர்கள் என்று அனுப்ப முடியுமா? வருகிற ஞாயிறு கூட்டத்தைக் காலனி அங்கன்வாடித் திண்ணையில் வைக்கிறோம். நாற்காலி எடுத்துப் போகவில்லை, எல்லோருக்கும் பாய்தான்.