மண்ணை வாரினால் கால்வாய் வந்துவிடுமா? (தேம்ஸ்–செவர்ன் பற்றி, மதகடிக்குப் பதில்)

களிமண்காரன்:
பக்கத்து இழையில் மதகடி எழுதியதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: "இங்கிலாந்தில் மூடிப் புதைத்த கால்வாய்களை மீட்பது பெரிய வித்தை இல்லை. மேலே கொட்டிய மண்ணை வாரினால் அடியில் அந்தக் காலத்துக் களிமண் அப்படியே கிடக்கும். தண்ணீர் விட்டால் நிற்கும்." இதற்கு விருப்பக்குறி வேறு குவிந்திருக்கிறது.

காய்ந்த களிமண் செத்த களிமண். இந்த ஒரு வரி தெரியாதவர் கால்வாய் பற்றி எழுதக்கூடாது.

கால்வாய்த் தண்ணீர் கீழே ஒழுகாமல் அடியிலும் கரையிலும் பூசிய அந்தக் களிமண்ணை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? வெட்டி எடுத்த மண்ணைக் கொத்தி, தண்ணீர் விட்டு, கல்லும் காற்றும் போகிற வரை மிதித்தார்கள். 9 அங்குலத்துக்கு ஒரு அடுக்கு. கீழ் அடுக்கு காய்வதற்குள் அடுத்தது விழவேண்டும். இரண்டும் ஒட்டுவதற்காக மண்வெட்டியால் குத்திக் குத்திச் சேர்த்தார்கள். சில இடங்களில் மொத்தம் 3 அடி வரை போனது. அதன்மேல் காப்புக்கு ஒரு அடி சாதா மண். இத்தனையும் நிற்பது ஈரத்தில். தண்ணீரை வடித்துவிட்டால் களிமண் சுருங்கும், வெடிக்கும். வெடிப்புக்குள் மேல்மண் சரியும், வேர் இறங்கும். மறுபடி தண்ணீர் விட்டால் ஊதும், ஆனால் நடுவில் குப்பை மாட்டிக்கொண்டிருப்பதால் வாய் மூடாது.

இங்கிலாந்தில் தேம்ஸ், செவர்ன் ஆறுகளை இணைக்கும் தேம்ஸ்–செவர்ன் கால்வாய் 1789இல் முழுசாகத் திறந்தது. அதன் உச்சிப் பகுதி, அதாவது வழியிலேயே மிக உயரமான நீட்டம், சுண்ணாம்புப் பாறைமேல் போனதால் ஓடிய நாளிலேயே ஒழுகியது. 1901இல் குளோஸ்டர்ஷயர் மாவட்ட கவுன்சில் எடுத்து, புதுக் களிமண் போட்டுப் பார்த்தது. 1911க்குப் பிறகு உச்சியைத் தாண்டிச் சரக்குப் படகு போனதாகப் பதிவில்லை. 1927இல் அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள். தண்ணீர் இருந்தபோதே நிற்காத களிமண் இவர் மண்ணை வாரினதும் நிற்குமாம்.

மதகடி:
சார், என் வரியையே மேற்கோள் போட்டுட்டு அதைப் படிக்காம விட்டீங்களே. நான் எழுதினது "மூடிப் புதைத்த". நீங்க பேசுறது தண்ணி வடிஞ்சு வெயில்ல திறந்து கிடந்த கால்வாயை. ரெண்டும் ஒண்ணா?

மேல 2 மீட்டர் மண்ணு, சாம்பல், குப்பை கொட்டி மூடினா அடியில இருக்கிற களிமண் எப்படிக் காயும்? ஸ்டோன்ஹவுஸ் பக்கம் ஃப்ரோம் ஆத்துப் பள்ளத்தாக்கு, நிலத்தடி நீர் மேலயே நிக்குது. குறுக்கே ஒரு சோதனைக்குழி வெட்டுங்க. பழுப்பு மண்ணுக்கு அடியில சாம்பல்-நீலப் பட்டை தெரியும். கத்தி வச்சா வெண்ணெய் மாதிரி இறங்கும். அது செத்ததா?

அப்புறம் உச்சிப் பகுதி. அங்க களிமண் போனது காய்ஞ்சதால இல்ல. மழைக்காலத்துல பாறை ஊத்து அடியிலேருந்து முட்டி களிமண்ணைத் தூக்கிடும். கோடையில அதே ஓட்டை வழியா தண்ணி கீழ போயிடும். நோய் வேற, நீங்க எழுதுற சீட்டு வேற.

களிமண்காரன்:
ஊற்று முட்டியது உண்மை. முட்டியதால் தண்ணீர் வடிந்தது. வடிந்ததால் காய்ந்தது. காய்ந்த களிமண் செத்த களிமண். சுற்றி எங்கே வந்தாலும் வீடு ஒன்றுதான்.

வெண்ணெய்க் கத்திக்கும் சொல்கிறேன். ஒரு குழியில் நன்றாக இருந்தால் 1 கிலோமீட்டரும் நன்றாக இருக்குமா? 20 மீட்டருக்கு ஒரு குழி வெட்டவேண்டும், படகுக்கரை ஓரமும் எதிர்க்கரை ஓரமும் தனித்தனியாக. அடியில் ஈரம் இருக்கும். கரையின் மேல் 2 அடி காய்ந்திருக்கும், தண்ணீர் ஓடுவது அங்கேதான். அந்தக் குழியைத் தோண்டும் எந்திரத்தின் பல்லுள்ள பக்கெட்டால் வெட்டினால் இருக்கிற களிமண்ணும் கிழியும். பல்லில்லாத தட்டைப் பக்கெட் போடவேண்டும், கடைசி 1 அடியைக் கையால் எடுக்கவேண்டும். "மண்ணை வாரினால்" என்று எழுதுகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

நீர்மட்டம்:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. "காய்ந்த" என்றால் எத்தனை சதவீத ஈரத்துக்குக் கீழே? அதைச் சொல்லாமல் எதற்குச் சண்டை? களத்தில் எளிய சோதனை இருக்கிறது: ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. கயிறாக உடையாமல் வந்தால் இன்னும் நெகிழ்வு இருக்கிறது. அதற்கு முன்பே பொடிந்தால் இல்லை.

கசிவுக்குக் கணக்கு: 10 மீட்டர் அகலம், 1 கி.மீ. நீளம், ஒரு நாளைக்கு 25 மி.மீ. இறங்கினால் 250 கனமீட்டர். இந்தக் கால்வாயின் கிழக்குப் பக்க லாக் (படகை ஏற்றி இறக்கும் தொட்டி) சுமார் 90 அடிக்கு 12 அடி 9 அங்குலம். 8 அடி இறக்கம் என்று வைத்தால் ஒரு தடவை திறக்க 260 கனமீட்டர். ஒரு விரல் அகலம் இறங்கினால் ஒரு படகு போகிற தண்ணீர் போச்சு. இறங்குகிறதில் ஆவியானது எவ்வளவு என்று கரையில் ஒரு தட்டு வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

களிமண்காரன்:
25 மி.மீ. கணக்குச் சரி. நான் சொன்னதைத்தான் எண்ணில் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி.

மதகடி:
அவர் கேட்டது "எத்தனை சதவீதம்". நீங்க சொன்னது "நன்றி". 👏

சரி, செத்ததுன்னே வச்சுக்குவோம். புதுசாப் போடக் கணக்கு சொல்லுங்க பார்ப்போம். அடியும் கரையும் சேர்த்து 12 மீட்டர் விரிவு, 0.9 மீட்டர் கனம்: மீட்டருக்கு கிட்டத்தட்ட 11 கனமீட்டர், அதாவது 22 டன். கிலோமீட்டருக்கு 22,000 டன். 20 டன் லாரியில 1,100 நடை. கிராமத்துச் சந்துல 1,100 லாரி விடுவாங்களா? அதனாலதான் இருக்கிற களிமண்ணைக் காப்பாத்துங்கன்னு சொல்றேன். எங்க நல்லா இருக்கோ அங்க தொடாதே, எங்க போயிருக்கோ அங்க மட்டும் வெட்டி ஒட்டு.

களிமண்காரன்:
ஒட்டுப் போட்ட வேட்டி எத்தனை நாள் தாங்கும்? பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் முதலில் ஒழுகும். பழையதைப் படிபடியாக வெட்டி, நனைத்து, அதற்குள் புதியதைக் கோத்து மிதிக்கவேண்டும். நேர்க்கோட்டில் வெட்டி ஒட்டினால் அது ஒட்டு இல்லை, வாசல்.

பென்டோனைட் பாய் என்று ஒன்று இருக்கிறது, நனைந்தால் ஊதி அடைக்கும் களிமண்ணைத் துணிக்குள் வைத்துத் தைத்தது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சதுர மீட்டருக்கு 5 கிலோ பென்டோனைட். 12,000 சதுர மீட்டருக்கு மடிப்பு 10 சதவீதம் சேர்த்து 13,200. 5 மீட்டருக்கு 40 மீட்டர் சுருள் என்றால் 66 சுருள். 1,100 லாரி எங்கே, 66 சுருள் எங்கே.

மதகடி:
வாங்க வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். சுண்ணாம்புப் பாறை ஊருல பென்டோனைட் பாயா? தண்ணியில கால்சியம். பென்டோனைட்டுல இருக்கிற சோடியத்தைக் கால்சியம் தள்ளிட்டு உக்கார்ந்துக்கும். அப்புறம் ஊதுற குணம் குறைஞ்சிடும். அதுமேல ஒரு கோடையில தண்ணி வடிஞ்சு காய்ஞ்சா, உங்க பாஷையிலயே சொல்றேன், காய்ந்த பென்டோனைட்டும் செத்த பென்டோனைட்தான். மேல 300 மி.மீ. மண்ணு போடுறதுக்கு முன்னாடி ஒரு மழை பெஞ்சா பாரம் இல்லாம ஊதிக் கூழாயிடும், அந்தச் சுருளைத் தூக்கி எறியணும். இங்கிலாந்துல மழை வராத நாள் எத்தனை சார்?

இன்னொண்ணு. கல்லணைக் கால்வாய் இழையில "அடியில கான்கிரீட் போட்டா நிலத்தடிக்குத் தண்ணி இறங்காது, விவசாயிங்க போராடுறது நியாயம்"னு பக்கம் பக்கமா எழுதினது நீங்கதானே? அங்க இறங்கணும், இங்க ஒரு சொட்டு இறங்கக்கூடாது. நல்லா இருக்கு கொள்கை.

களிமண்காரன்:
அது பாசனக் கால்வாய். ஓடுகிற தண்ணீர், வழியில் இறங்குவதும் பயன்தான். இது படகுக் கால்வாய். தேங்குகிற தண்ணீர், இறங்கினால் படகு தரைதட்டும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் அந்த இழையிலும் நீங்கள் என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். பழைய கணக்கை இங்கே தீர்க்கவேண்டாம்.

சுண்ணாம்புச்சட்டி:
அண்ணே, ரெண்டு பேரும் களிமண்ணுக்குள்ளயே உருளுறீங்க. புதைஞ்ச லாக்கைத் தோண்டுறதுல ஆபத்து சுவர்ல இருக்கு. உள்ள கொட்டின மண்ணுதான் ரெண்டு பக்கச் சுவரையும் இத்தனை வருசம் தாங்கிப் பிடிச்சிருக்கு. ஒரே நாள்ல முழுக்க அள்ளினா, சுவருக்குப் பின்னாடி நிக்கிற தண்ணியோட அழுத்தம் உள்பக்கம் தள்ளும். சுவர் தொந்தி போடும், அப்புறம் விழும். 1 மீட்டர் எடு, நிறுத்து, குறுக்கே முட்டு கொடு, பின்பக்கத் தண்ணியை வடி, சுவர் நகருதான்னு அளந்து பாரு, அப்புறம் அடுத்த 1 மீட்டர்.

அடியில தலைகீழ் வளைவாச் செங்கல் தளம் இருந்தா மெஷினை நிறுத்திடுங்க. ரெண்டு சுவரும் ஒண்ணை நோக்கி ஒண்ணு வராம தடுக்கிறது அதுதான். அதை உடைச்சவங்க சுவரையும் உடைச்சவங்க.

மேல் ஓரக் கல்லெல்லாம் பெரும்பாலும் உள்ளயேதான் கிடக்கும், மூடும்போது தள்ளிவிட்டிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் எண் எழுதி அடுக்கணும். மூட்டு பூசும்போது சிமென்ட் கூடவே கூடாது. பழைய செங்கல் மெத்து. சிமென்ட் கெட்டி. மூட்டு வழியா போகவேண்டிய ஈரம் செங்கல் வழியா போகும், பனிக்காலத்துல உறைஞ்சு முகம் உரிஞ்சு விழும். 25 மி.மீ. ஆழம் சுரண்டி, என்.எச்.எல். 3.5 (தண்ணியில இறுகுற இயற்கைச் சுண்ணாம்பு) ஒரு பங்கு, கூர்மணல் இரண்டரைப் பங்கு. 5 டிகிரிக்குக் கீழ போனா வேலையை நிறுத்திச் சாக்குப் போட்டு மூடணும்.

மதகடி:
இவர் சொல்றதுல விஷயம் இருக்கு. கேட்டுக்குங்க சார்.

களிமண்காரன்:
லாக் சுவருக்குப் பின்னாலும் களிமண்தான் அணை கட்டியிருக்கும். சுவரைத் தோண்டி வெளியே விட்டதும் அது காயும். காய்ந்தால்? சொல்லவேண்டுமா?

செந்தமிழ்க்கரை:
கலந்துரையாடல் நன்று. ஆயினும் 'லாக்' என்ற சொல்லை இத்தனை முறை எழுதுவது வருத்தம் அளிக்கிறது. 'மதகு' இருக்கையில் ஏன் இரவல்? நம் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் கட்டிய கட்டடங்கள் நிற்கின்றன. இவர்கள் ஏன் என்.எச்.எல். என்று எண் போட்ட மூட்டைக்கு அலைகிறார்கள்?

சுண்ணாம்புச்சட்டி:
ஐயா, கடுக்காய் போட்ட சுண்ணாம்பு காத்துல இறுகுறது. தண்ணிக்கு அடியில இறுக அதுல சுர்க்கி, அதாங்க செங்கல்பொடி, சேர்க்கணும். என்.எச்.எல். தண்ணிக்கு அடியிலயே இறுகும். தொழில் கொஞ்சம் வேற.

மதகடி:
மதகுன்னா தண்ணியைத் திறந்துவிடுற இடம். லாக்குங்கிறது ரெண்டு கதவுக்கு நடுவுல படகை நிறுத்தி ஏத்தி இறக்குற தொட்டி. சேப்பாக்கத்துல பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமா லாக் நகர்னே பேரு இருக்கு. அதை முதல்ல மதகு நகர்னு மாத்திட்டு வாங்க.

செந்தமிழ்க்கரை:
மதகடி என்று பெயர் வைத்துக்கொண்டு மதகைப் பழிக்கிறீர்களே! 'நீர்ப்பூட்டு' என்றாவது சொல்லலாம்.

களிமண்காரன்:
நீர்ப்பூட்டு என்றால் வீட்டுக் குழாய் போல இருக்கிறது. லாக்குதான் சரி. பக்கிங்ஹாம் கால்வாயை இழுக்காதீர்கள். அதன் படுகையிலேயே பறக்கும் ரயில் தூணை நட்டிருக்கிறார்கள். ஸ்டோன்ஹவுஸ் மேற்கே ரயில் மேட்டைப் பிளந்து, 2021 கிறிஸ்துமஸ் சமயம் ரயிலை நிறுத்தி, கால்வாய்க்குப் புதுப் பாலம் வைத்தார்கள். அங்கே ரயில் கால்வாய்க்கு வழிவிட்டது. இங்கே கால்வாய் ரயிலுக்கு.

நீர்மட்டம்:
அந்தப் பாலம் ஸ்ட்ரவுட்வாட்டர் கால்வாயின் மேல். 1779இல் திறந்த வேறு கால்வாய். தேம்ஸ்–செவர்ன் ஸ்ட்ரவுடுக்குக் கிழக்கே. தலைப்பைப் பாருங்கள். மதகடி, நீங்கள் சொன்ன ஸ்டோன்ஹவுஸும் அதே ஸ்ட்ரவுட்வாட்டர்தான்.

களிமண்காரன்:
இரண்டையும் சேர்த்துத்தான் இப்போது மீட்கிறார்கள். நொட்டைச் சொல் வேண்டாம். ஸ்டோன்ஹவுஸ் ஈரத்தைக் காட்டித் தேம்ஸ்–செவர்னுக்குத் தீர்ப்புச் சொன்னது மதகடி, நான் அல்ல. அவரிடம் கேளுங்கள்.

மதகடி:
களிமண்ணு ஒரே களிமண்ணுதானே சார், ஊர் எதுவானா என்ன? சரி, தேம்ஸ்–செவர்ன்லயே வர்றேன். பிரிம்ஸ்கோம்ப் துறைக் குளத்தை 1960கள்ல மண்ணு கொட்டி மூடினாங்க. அதுக்கடியில களிமண்ணு ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா? ஒரே சொல்லுல பதில் வேணும்.

களிமண்காரன்:
அங்கே முதல் கேள்வி களிமண் அல்ல. மூடிய இடத்தில் தொழிற்பேட்டை வந்தது. அந்த மண்ணில் சாம்பல், எண்ணெய், கல்நார் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். ஒவ்வொரு அடுக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் ஒரு லாரி வெளியே போகாது. கெட்ட மண் கொட்ட டன்னுக்குத் தனிக் கட்டணம். "வாரினால்" என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லுக்குள் இத்தனை இருக்கிறது.

மதகடி:
ஈரமா? காய்ஞ்சதா?

களிமண்காரன்:
20 மீட்டருக்கு ஒரு குழி வெட்டிவிட்டுக் கேளுங்கள்.

மதகடி:
அதைத்தானே நான் முதல்லேருந்து சொல்றேன், குழி வெட்டிப் பாருங்கன்னு!

களிமண்காரன்:
நீங்கள் சொன்னது ஒரு குழி. நான் சொன்னது ஐம்பது. காய்ந்த களிமண்

(தவறுதலாக அனுப்பிவிட்டேன்.)

செத்த களிமண்.

நீர்மட்டம்:
எத்தனை சதவீதம்?

செந்தமிழ்க்கரை:
'ஸ்ட்ரவுட்வாட்டர்' என்பதில் மெய்ம்முதல் வருகிறது. 'இசுட்டிரவுடுவாட்டர்' என்று எழுதுக.