கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் என் பெயரில் மின்னஞ்சல் போகிறது

கேள்வி: ஆய்வு மாணவி

வணக்கம். கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். சென்ற திங்கட்கிழமை, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் கல்லூரி முகவரியிலிருந்தே "திருத்திய தேர்வு அட்டவணை" என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தட்டியதும் கல்லூரியின் உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். பக்கம் வெறுமையாக நின்றுவிட்டது. அதன் பிறகே முகவரிப் பட்டையைப் பார்த்தேன்: தொடக்கத்தில் கல்லூரியின் பெயர் இருந்தாலும் முடிவில் வேறு ஏதோ தளத்தின் பெயர் இருந்தது.

அரை மணி நேரத்துக்குள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஆனாலும் புதன்கிழமை என் பெயரில் இளநிலை மாணவர்கள் பலருக்கு அதே போன்ற அஞ்சல் போயிருக்கிறது. அவர்களில் மூவர், "இது நீங்கள் அனுப்பியதுதானா?" என்று கேட்டு எனக்கு எழுதியதாகச் சொல்கிறார்கள், அவற்றில் ஒன்றுகூட என் இன்பாக்ஸில் இல்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளை முழுமையாக ஓட்டிப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை. கணினியை ஃபார்மட் செய்துவிடுவதுதான் வழியா?

மறுமொழி 1: கல்லூரி மின்னஞ்சல் நிர்வாகி

ஃபார்மட் செய்ய வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் முக்கியமான தடயம், மாணவர்களின் அஞ்சல்கள் உங்கள் கண்ணில் படாமல் போனதுதான். திருடிய கணக்குக்குள் நுழைபவர் முதலில் செய்யும் வேலை, அஞ்சல் பெட்டியின் அமைப்புகளில் ஒரு விதியை எழுதி வைப்பது: எச்சரிக்கையாக வரும் அஞ்சல்களை யாரும் திறக்காத கோப்புறைக்குத் தள்ளிவிடும் விதி. அது உங்கள் கணினியில் இல்லை, அஞ்சல் சேவையகத்தில் இருக்கிறது. ஆகவே வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது, கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அழியாது. அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் அமர்வும் (உள்நுழைந்த நிலை) கடவுச்சொல் மாறியவுடன் எல்லாச் சேவைகளிலும் உடனே முடிந்துவிடுவதில்லை.

வேறொரு நம்பகமான கணினியிலிருந்து உள்நுழைந்து, உலாவியில் அமைப்புகளைத் திறந்து, முதலில் மீட்புத் தொலைபேசி எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அவை அவர் கையில் இருந்தால் நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் அவரால் திரும்ப வர முடியும். அடுத்து விதிகள், தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு, கணக்கோடு இணைக்கப்பட்ட செயலிகள் ஆகியவற்றைப் பார்த்து, அறியாதவற்றைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு நீக்குங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, கடைசியாக மீண்டும் ஒரு புதிய கடவுச்சொல் வையுங்கள். முதலில் வந்த அஞ்சலை அழிக்காமல் உங்கள் கணினிப் பிரிவிடம் கொடுங்கள். எந்த இடத்திலிருந்து உள்நுழைந்தார்கள், வேறு யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்பதை உள்நுழைவுப் பதிவுகளிலிருந்து அவர்கள் கண்டறிய முடியும்.

மறுமொழி 2: ஆய்வு மாணவி

மிக்க நன்றி ஐயா. விதி இருந்தது. அதன் பெயர் ஒரே ஒரு புள்ளி. பட்டியலின் அடியில் தூசி போல ஒட்டிக்கொண்டிருந்ததால் முதல் முறை என் கண்ணுக்கே தெரியவில்லை. "போலி", "கடவுச்சொல்", "நீங்கள் அனுப்பியதா" என்ற சொற்களில் எது இருந்தாலும் அந்த அஞ்சலைப் படித்ததாகக் குறித்து ஆர்எஸ்எஸ் கோப்புறைக்கு (இணையத் தளங்களின் புதிய பதிவுகள் வந்து சேரும் இடம், நான் திறந்ததே இல்லை) அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். அங்கே 11 அஞ்சல்கள் கிடந்தன. மீட்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் என்னுடையவை அல்ல. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி மனத்தை உறுத்துகிறது. அந்த அஞ்சல் பேராசிரியரின் உண்மையான முகவரியிலிருந்தே வந்தது. அனுப்புநரைப் பார்த்தும் பயனில்லை என்றால், வேறு எதைத்தான் பார்ப்பது?

மறுமொழி 3: துறைத் தலைவர்

எங்கள் துறையிலும் இதே நிலை. எல்லோரும் 30 நாளுக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினால் இது நிற்கும் அல்லவா?

மறுமொழி 4: கணினி ஆய்வக உதவியாளர்

துறைத் தலைவர் அவர்களே, தங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இங்கே திருடியவர் அரை மணிக்குள் தம் வேலையை முடித்துவிட்டார், 30 நாள் காத்திருக்கவில்லை. மாதந்தோறும் மாற்றச் சொன்னால், மாணவர்கள் பழைய சொல்லின் முடிவில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதை ஆய்வகத்தில் தினமும் பார்க்கிறேன். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்றே கூறுகிறது. நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லே மேல்.

அம்மா, அனுப்புநர் முகவரி பற்றி: மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. பிற்காலத்தில், அஞ்சல் உண்மையிலேயே அந்த முகவரிக்குரிய நிறுவனத்திலிருந்து வந்ததா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய முறைகள் வந்து போலி முகவரிகளைப் பெருமளவு தடுக்கின்றன. ஆனால் கணக்கே திருடப்பட்டிருந்தால் அஞ்சல் மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். ஆகவே, யார் அனுப்பினார் என்பதோடு, அஞ்சல் நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். தேர்வு அட்டவணை வேண்டுமென்றால், அஞ்சலில் உள்ள இணைப்பை விட்டுவிட்டு, கல்லூரித் தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து போகலாம். முகவரிப் பட்டையைப் படிக்கும்போது, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருக்கும் பகுதிதான் தளத்தின் உரிமையாளரைக் காட்டும். அதற்கு முன்னால் எந்தக் கல்லூரியின் பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம். கடவுச்சொல் நிர்வாகிச் செயலி வைத்திருந்தால், வழக்கமாகத் தானே நிரப்பும் அது போலிப் பக்கத்தில் சும்மா இருக்கும். அப்போது கையால் நிரப்பாதீர்கள்.

மறுமொழி 5: கல்லூரி மின்னஞ்சல் நிர்வாகி

இருபடிச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு, தொலைபேசியில் கிடைக்கும் எண் போன்ற இரண்டாவது சான்றையும் கேட்பது) இன்றே இயக்குங்கள், ஆனால் அதை முழுக் கவசமாக எண்ண வேண்டாம். நீங்கள் போலிப் பக்கத்தில் இடும் 6 இலக்க எண்ணை அந்த நொடியே உண்மையான தளத்தில் இட்டு உள்ளே நுழைபவர்கள் இருக்கிறார்கள். பாஸ்கீ வசதி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக, உங்கள் சாதனத்தில் வைத்திருக்கும் மின்னணுச் சாவியால் உள்நுழைவது) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அது குறிப்பிட்ட தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் வேலை செய்யாது.

இன்னொன்று, இது அவசரம். பேராசிரியருக்கு இதை மின்னஞ்சலில் எழுதாதீர்கள். அவர் பெட்டியிலும் அதே விதி இருந்தால் உங்கள் எச்சரிக்கை அவர் கண்ணில் படாமலே மறைந்துவிடும். தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 6: ஆய்வு மாணவி

அழைத்தேன் ஐயா. நான் வெள்ளிக்கிழமையே அவருக்கு எழுதியிருந்தேன். அப்படி எதுவும் வரவில்லை என்றார். தொலைபேசியை வைக்காமலே அமைப்புகளைத் திறக்கச் சொன்னேன். பட்டியலின் அடியில் ஒரு புள்ளி இருந்தது.