ரெசொல்யூட் பே – கிரைஸ் ஃபியோர்ட்: தூரமும் பறக்கும் நேரமும்

துருவன்:
கனடாவோட நுனாவுட்ல இருக்குற இந்த ரெண்டு விமான நிலையத்துக்கும் அட்சரேகை வித்தியாசம் 1.71 டிகிரி, தீர்க்கரேகை வித்தியாசம் 12.06 டிகிரி. டிகிரிக்கு 111 கிமீன்னு போட்டா 1,300ஐத் தாண்டுது. தூரம் கணக்குப் போடுற தளம் 384 கிமீ, 1 மணி நேரம்னு காட்டுது. எதை நம்புறது?

கோசைன்:
384தான் சரி. 111 என்பதை அட்சரேகைக்கு எங்கேயும் போடலாம். தீர்க்கரேகைக்கு, நிற்கும் இடத்தின் அட்சரேகையின் கொசைனாலும் பெருக்க வேண்டும். இங்கே சராசரி அட்சரேகை 75.6, கொசைன் 0.249. கிழக்கே 12.06 × 111 × 0.249 = 333 கிமீ, வடக்கே 190 கிமீ. பிதாகரஸ் போட்டாலே 383 வந்துவிடும். விமானக் கணக்கில் 207 நாட்டிகல் மைல் (ஒன்று 1.852 கிமீ).

ரெண்டு_புரொப்பெல்லர்:
தூரம் ஓகே, நேரம் தப்பு. அந்தத் தளங்கள் எல்லா ஊருக்கும் ஜெட் வேகம் 800 கிமீ, கூடவே ஏறி இறங்க அரை மணின்னு கண்ணை மூடிட்டுப் போடும். கிரைஸ் ஃபியோர்ட் ஓடுபாதை சரளைக்கல், 500 மீட்டர் சொச்சம், ஒட்டினாப்ல மலை. ஜெட்டாவது, வர்றதாவது! ட்வின் ஆட்டர்ங்குற ரெண்டு புரொப்பெல்லர் குட்டி விமானம்தான் போகும்.

அதோட வேகம் 150 நாட்னு வைங்க, அதாவது மணிக்கு 150 நாட்டிகல் மைல். 207 ÷ 150 = 83 நிமிஷம். தரையில ஓடுறது (டாக்ஸி), ஏற்றம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். எதிர்காத்து 30 நாட் இருந்தா 83 என்பது 103 ஆகும். திரும்பி வரும்போது அதே காத்து முதுகுல அடிச்சா 69. கூட்டிப் பாருங்க: 172. காத்தே இல்லேன்னா 166தான். போறப்ப இழந்ததை வர்றப்ப முழுசா மீட்க முடியாது, ஏன்னா எதிர்காத்துல அதிக நேரம் மாட்டிக்கிறோம்.

எரிபொருளை ஒருவழிக்குப் போட்டா ஆபத்து. ஓடுபாதை கண்ணுல படலேன்னா ரெசொல்யூட்டுக்கே திரும்பணும். 83 + 83 + இருப்பு 45 நிமிஷம் = மூன்றரை மணி நேரம். மணிக்கு 270 கிலோன்னா 950 கிலோ கிட்ட வரும். மொத்த எடை வரம்பே 5,670 கிலோ, அதனால ஆளையோ சரக்கையோ குறைக்க வேண்டியிருக்கும்.

துருவன்:
அப்போ கிளம்புறப்ப பிடிச்ச திசையிலயே நேரா போயிடலாமா?

வடதிசை:
முடியாது. கிளம்பும்போது உண்மை வடக்கிலிருந்து (புவியின் வட துருவம் இருக்கும் திசை) 55 டிகிரி, இறங்கும்போது 66. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் 384 கிமீக்குள்ளேயே 11 டிகிரிக்கு மேல் மாறுகிறது. காந்தத் திசைகாட்டியும் உதவாது. காந்தப்புலம் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இழுப்பதால் ஊசி சோம்பி அலையும். அதனால்தான் கனடாவின் வட வான்பரப்பில் ஓடுபாதை எண், காற்றுத் திசை எல்லாமே உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுகின்றன. டைரக்‌ஷனல் ஜைரோவை, அதாவது சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் கருவியை, சரிசெய்யாமல் விட்டால் பூமி சுழல்வதால் மட்டுமே மணிக்கு 14.5 டிகிரி விலகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஜிபிஎஸ் காட்டும் உண்மைத் திசையோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒப்பிடும் முன் பக்கக்காற்றுக்கான விலகலைக் கழித்துவிட வேண்டும். ஜிபிஎஸ் காட்டுவது விமானம் போகும் தடம், மூக்கு பார்க்கும் திசை அல்ல.