இயோசினோபில்ங்கிற வெள்ளையணு புழுவைக் கொல்லத்தான் இருக்கா? அலர்ஜிக்காரங்களுக்கு அதைக் குறைக்கலாமா?

மருதன்:
புழுவை விரட்ட இருக்குற படை மகரந்தத்து மேல பாயுறதுதான் அலர்ஜி. ஐஜிஇ (ஒரு ஆன்டிபாடி), மாஸ்ட் செல் (ஹிஸ்டமின் விடுற எதிர்ப்பு செல்), இயோசினோபில், ஐஎல்-4, 5, 13 (எதிர்ப்பு செல்லுங்க சேதி அனுப்புற புரதங்கள்)னு ரெண்டு இடத்துலயும் அதே ஆளுங்கதான். குடல்ல ஐஎல்-13 சளியைக் கூட்டி தசையைச் சுருக்கி புழுவை வெளிய தள்ளுது, அதையே மூச்சுக்குழாய்ல பண்ணா ஆஸ்துமா. அதனால இயோசினோபிலை மருந்து குடுத்து அடக்குறது ஆபத்து.

செம்பருத்தி:
கடைசி வரி தவிர மத்ததெல்லாம் சரி சகோ. இயோசினோபிலோட புரதம் சிஸ்டோசோமாங்கிற ரத்தப்புழுவோட குட்டியைக் கொன்னது சோதனைக்குழாய்ல. உயிருள்ள எலில பாருங்க, இயோசினோபிலே இல்லாத எலிக்கு டிரைக்கினெல்லாங்கிற, தசைக்குள்ள தங்குற புழுவைக் குடுத்தப்ப தசைக்குள்ள லார்வா கூடல, செத்து குறைஞ்சுதான் போச்சு, அப்போ அந்த செல் இருந்தது புழுவுக்குத்தானே தோதா இருந்திருக்கு? கடும் ஆஸ்துமாக்கு 2015லேருந்து மெபோலிசுமாப்னு ஒரு மருந்து இருக்கு, ஐஎல்-5ஐ தடுத்து இயோசினோபிலைக் குறைக்குது, அட்டாக்கும் குறையுது.

மருதன்:
மெபோலிசுமாப் ட்ரயல்ல புழு இருக்குன்னு தெரிஞ்சவங்களை சேர்க்கவே இல்லையே! முதல்ல புழுவுக்கு வைத்தியம் பண்ணிட்டு ஆரம்பிங்கன்னு மருந்தோட குறிப்புலயே போட்டிருக்கு. ஆப்பிரிக்காவுல கபோன் நாட்டுல பசங்களுக்கு புழு மருந்து குடுத்ததும் தூசிப்பூச்சிக்கு அலர்ஜி தோல் டெஸ்ட் பாசிட்டிவ் கூடுச்சு, அதுக்கு என்ன சொல்றீங்க?

செம்பருத்தி:
தோல் டெஸ்ட் கூடுனா நோய் கூடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஈக்வடார்ல ஒரு வருஷம் அல்பெண்டசோல்ங்கிற புழு மருந்து குடுத்தும் அலர்ஜி ஏறல. ஆஸ்துமாக்காரங்களுக்கு கொக்கிப்புழுவையே ஏத்திப் பார்த்தாங்க, சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. நாள்பட்ட புழு எதிர்ப்பை அடக்குற ரெகுலேட்டரி டி செல்லையும் ஐஎல்-10ங்கிற புரதத்தையும் தூண்டி நம்ம எதிர்ப்பை அடக்குறது உண்மை, ஆனா அது தன்னைக் காப்பாத்திக்க, நமக்கு வைத்தியம் பார்க்க இல்ல.

லேப்_வாணி:
ரெண்டு பேருமே ஸ்டீராய்டை விட்டுட்டீங்க, எனக்கு பயமே அங்கதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல இயோசினோபில் 500க்கு மேல இருந்தா அலர்ஜின்னு முடிவு கட்டி ஸ்டீராய்டு ஆரம்பிச்சிடுறாங்க. உள்ள ஸ்ட்ராங்கைலாய்ட்ஸ்ங்கிற குடல் புழு இருந்தா? அது உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்ப தொத்திக்கிட்டு பல வருஷம் சத்தமில்லாம கிடக்கும், ஸ்டீராய்டு போனதும் லார்வா ஏகத்துக்கும் பெருகி குடலைத் துளைச்சு பாக்டீரியாவை ரத்தத்துக்குள்ள கொண்டு போயிடும், உயிரே போகும். ஸ்டீராய்டு இயோசினோபிலையும் இறக்கிடுறதால ரிப்போர்ட் நார்மலா தெரியும். ஒரு தடவை மலம் பார்த்தா தப்பிடும், ஆன்டிபாடி டெஸ்டும் எடுங்க. புழு இருந்தா ஐவர்மெக்டின்னு மருந்து இருக்கு.

மருதன்:
இதைத்தான் நானும் சொல்றேன், டெஸ்ட் இல்லாம கை வைக்காதீங்க.

செம்பருத்தி:
டெஸ்டுக்கு நானும் சம்மதம் சகோ. ஆனா நீங்க முதல்ல எழுதுனது அது இல்லையே, மூச்சு விட முடியாம தவிக்கிறவங்க படிச்சுட்டு மருந்தை நிறுத்திட்டா என்ன பண்றது? அந்த வரியை எடுத்துடுங்க.