பின்கட்டில் பதினைந்து நாள்

குழு: மஞ்சக்குப்பம் வீடு

சனிக்கிழமை

கவிதா, மாலை 6:10
எல்லோருக்கும் ஒரு அவசர விஷயம். நான் ஞாயிறுதோறும் போகிற நாய்க் காப்பகத்தில், குட்டிகள் கொட்டகையில் பார்வோ என்கிற தொற்றுநோய் வந்துவிட்டது. நேற்று மட்டும் மூன்று குட்டிகள் போய்விட்டன. இன்று காலை யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன இரண்டு குட்டிகளைக் கொட்டகைப் பக்கமே கொண்டுபோகாமல் அலுவலக அறையில் மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறோம். நாளைக் காலைக்குள் அவை அங்கிருந்து போயாக வேண்டும். பதினைந்து நாள் வைத்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். தத்து இல்லை, பதினைந்து நாள்தான்.

கவிதா, மாலை 6:11
[படம்: பழைய லுங்கியில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கும் இரண்டு குட்டிகள். ஒன்று செம்பட்டை, ஒன்று முழுக் கருப்பு.]

அம்மா, 6:15
ஐயோ பாவம். உன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே?

கவிதா, 6:19
முடியாதம்மா. போன மாதம் நான் வைத்திருந்த குட்டிக்கும் அதுதானே வந்தது. அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம்கூட இருக்கும். பினாயிலுக்கு அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையெல்லாம் கழுவிவிட்டேன், முற்றத்து மண்ணை என்ன செய்வது? அதனால் லாஸ்பேட்டை வீட்டில் இந்த வருடம் குட்டியே வைக்க முடியாது. பெரியப்பா, நான் கேட்பது உங்களைத்தான். நம் வீட்டுப் பின்கட்டில் 2019க்கு அப்புறம் நாயே கிடையாது. சுற்றிலும் மதில். அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

மல்லிகா அத்தை, 6:24
கோர்ட்டே எல்லா நாயையும் காப்பகத்தில் வைக்கச் சொல்லிவிட்டதே. நீ காப்பகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறாய்?

கவிதா, 6:31
அத்தை, அது 2025 ஆகஸ்ட் 11 உத்தரவு, டெல்லிப் பகுதிக்கு. 22ஆம் தேதியே மாற்றிவிட்டார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் உள்ளதையும் மூர்க்கமானதையும்தான் விடக்கூடாது. விருப்பமுள்ளவர்கள் தத்து எடுக்கலாம், ஆனால் எடுத்ததை மறுபடி தெருவில் விடக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அப்புறம் நவம்பர் 7ஆம் தேதி இன்னொரு உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பதைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். காப்பகத்தில் இடம் எங்கே இருக்கிறது? நெரிசல் கூடக் கூட நோயும் கூடும். ஒரு குட்டி ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொன்றுக்கு இடம் கிடைக்கிறது. நான் கேட்பது அவ்வளவுதான்.

மல்லிகா அத்தை, 6:34
எனக்கு நாய் என்றாலே பயம், உனக்கே தெரியும். கடித்துவிட்டால்? அண்ணிக்கு வயது அறுபத்தெட்டு.

கவிதா, 6:40
பயம் நியாயம்தான், அத்தை. குட்டியின் பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டிலேயே கீறும். கீறினால், கடித்தால், குட்டிதானே என்று விடக்கூடாது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக்கூடாது. பார்வோ மனிதருக்கு வராது, அந்தக் கவலை வேண்டாம்.

பெரியப்பா, 6:52
எனக்கு ஆட்சேபணை இல்லை. பெரியம்மா சொல்லட்டும்.

பெரியம்மா, 7:20
நான் சொல்லிவிடுகிறேன் கவிதா. மணி போனபோதே இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னேன். பதினான்கு வருடம் இருந்தது. இப்போது பதினைந்து நாள் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவாய். மறுபடி ஒரு பிரிவு எனக்கு எதற்கு?

கவிதா, 7:38
பெரியம்மா, அழுகை வராது என்று பொய் சொல்ல மாட்டேன். நான் முதலில் வைத்திருந்த குட்டியைத் தத்து கொடுத்த அன்று, ஸ்கூட்டரை அரியாங்குப்பம் பாலத்தில் நிறுத்திவிட்டு அழுதேன். ஆனால் மணி போனது வேறு, இது வேறு. இது உங்கள் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறது. நல்ல வீடா என்று நீங்களே பார்த்துச் சொல்லலாம். நீங்கள் வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டோம்.

கவிதா, 7:41
இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு வீட்டில் பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று ஒரு குட்டியை ஆசையாக வாங்கிப்போனார்கள். ஒன்பதாம் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், ராத்திரி அழுகிறதாம். அது ஒரு வாரம் கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. முதலில் ஒரு வீட்டில் பழகி, ராத்திரி தூங்கவும் காகிதத்தில் ஒன்றுக்குப் போகவும் தெரிந்துகொண்ட குட்டி திரும்பி வருவது அபூர்வம். அந்தப் பழக்கத்தைக் கொட்டகையில் எங்களால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை, வீட்டில்தான் முடியும்.

செந்தில் மாமா, 8:05
மல்லிகா பயம் பயம் என்கிறாளே, 2024 ஃபெஞ்சல் புயலில் என்ன செய்தாள் என்று கேளுங்கள். ரெயின்போ நகரில் வீட்டுக்குள் தண்ணீர், நாங்கள் மாடிப்படியில். நனைந்துபோன ஒரு தெரு நாய் நான்காவது படியில் வந்து நின்றது. விரட்டுவாள் என்று நினைத்தேன். இருந்த பன்னைப் பிய்த்துப் பிய்த்து, இரண்டு படி மேலிருந்தே போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிகிற வரைக்கும்.

மல்லிகா அத்தை, 8:09
அது அப்படி நடுங்கியது. நான் என்ன செய்வேன்.

மல்லிகா அத்தை, 8:16
என்னால் தொட முடியாது. ஆனால் பீரோவில் பழைய காட்டன் புடவை எட்டு இருக்கிறது. பேப்பரும் ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது. காப்பகத்துக்கு ஆகுமா?

கவிதா, 8:18
ஆகுமாவா! மழைக்காலத்தில் நாங்கள் அலைவதே அதற்குத்தான், அத்தை. சாக்கு இருந்தாலும் கொடுங்கள். இரண்டாகக் கிழித்து மடித்தால் ஒரு புடவை இரண்டு நாய்க்குப் படுக்கை.

அருண், 8:30
அக்கா, நான் என்ன செய்யட்டும்? ஹாஸ்டலில் வைக்க விட மாட்டார்கள்.

கவிதா, 8:37
நீ படம் எடுத்துக் கொடு. விளையாட்டாகச் சொல்லவில்லை. காப்பகத்தின் இணையப் பக்கத்தில் நாங்கள் போடுகிற படம் கம்பிக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் மின்னுகிற மாதிரி இருக்கிறது. கருப்பு நாய் என்றால் அதுவும் தெரியாது, அதனாலேயே பார்க்காமல் தள்ளிவிட்டுப் போகிறார்கள். தரையில் உட்கார்ந்து, அதன் கண் உயரத்தில், பகல் வெளிச்சத்தில் எடு. வளர்ந்த நாய்களையும் எடு. ஐந்து வயது, ஆறு வயது என்று கருத்தடை முடிந்து, ஊசி போட்டு, சாந்தமாக இருக்கிறவை அங்கே எத்தனையோ. வருகிறவர்கள் எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள், அதுவும் ஆண் குட்டி. பெண் என்றால் முகம் மாறிவிடுகிறது. ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் என்ன வித்தியாசம்?

பெரியம்மா, 9:02
இந்த இரண்டும் என்ன?

கவிதா, 9:03
இரண்டும் பெண், பெரியம்மா.

பெரியம்மா, 9:11
சரி. பின்கட்டில் துவைக்கிற கல் பக்கம் கம்பிக் கதவு போட்ட இடம் இருக்கிறது, அங்கே வைக்கலாம். பதினைந்து நாள். என்ன கொடுக்க வேண்டும்? பால் வாங்கி வைக்கட்டுமா?

கவிதா, 9:20
பால் வேண்டாம், பேதியாகும். ஏழு வாரக் குட்டி, ஒரு நாளைக்கு நான்கு வேளை. குட்டிகளுக்கான தீவனம் ஒரு பை தருகிறேன், வெந்நீரில் ஊறவைத்து ஆறினதும் வையுங்கள். சாதம் என்றால் குழைய வடித்து, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியைப் பிசைந்து. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. முதல் தடுப்பூசி இன்று மதியம் போட்டாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. அடுத்த ஊசி மூன்று வாரம் கழித்து, அதை குரும்பாபேட் கால்நடைக் கல்லூரியில் நானே போட்டுவிடுகிறேன். அதுவரை தெருவில் இறக்க வேண்டாம். வாந்தியோ, ரத்தம் கலந்த பேதியோ வந்தால், சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பினால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள். பார்வோவில் ஒரு ராத்திரி தாமதம்கூடப் பெரிசு.

செந்தில் மாமா, 9:26
நாளை ஞாயிறானாலும் எனக்குக் கடலூரில் வேலை இருக்கிறது. காலை ஏழுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கவிதா, 9:29
மாமா, காப்பகத்துக்கு உள்ளே வரவே வேண்டாம், செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கேட்டுக்கு வெளியே காரிலேயே இருங்கள். கொட்டகைக்குள் போகாத ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து தருவார். நானும் இரண்டு வாரம் மஞ்சக்குப்பம் பக்கம் வரமாட்டேன், பெரியம்மா. வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிறு

செந்தில் மாமா, காலை 8:04
கன்னியக்கோவில் தாண்டிவிட்டோம். செம்பட்டை தூங்குகிறது. கருப்பு மட்டும் பெட்டி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது.

மல்லிகா அத்தை, 8:06
ஏசியைக் குறையுங்கள், குளிரும். நான் வைத்த புடவையைப் போர்த்திவிட்டீர்களா?

பெரியப்பா, 9:15
வந்து சேர்ந்தன. சாப்பிட்டுவிட்டன.

பெரியம்மா, பகல் 12:40
கவிதா, காதுக்குள் மூன்று உண்ணி இருந்தது, இடுக்கியால் எடுத்துவிட்டேன். இரண்டையும் காய்கறித் தராசில் வைத்து நிறுத்தேன். செம்பட்டை 2 கிலோ 100. கருப்பு 1 கிலோ 850, அது கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. நாள்காட்டித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

கவிதா, 12:44
பெரியம்மா! மிக நல்ல காரியம். தினமும் எழுதுங்கள். எடை குறைந்தால்தான் முதலில் தெரியும்.

பெரியம்மா, 12:46
எப்போது நிறுக்க வேண்டும்? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

கவிதா, 12:47
காலையில், முதல் சாப்பாட்டுக்கு முன்.