இரண்டு பொய்லர் ஓடியும் மேல்மாடி ரேடியேற்றர் இளஞ்சூடுதான். ரேடியேற்றர் பம்பைப் பெரிதாக்கலாமா?

நீலச்சுடர்_ஹரோ:

வணக்கம். லண்டன் ஹரோவில் மூன்று மாடிப் பழைய வீடு ஒன்று. நிலத்தில் நின்ற பழைய பெரிய பொய்லரைக் கழற்றிவிட்டு, 30 கிலோவாற் சிஸ்டம் பொய்லர் (பம்பும் விரிவுத் தொட்டியும் உள்ளேயே இருக்கிற வகை) இரண்டைப் பக்கம் பக்கமாகச் சுவரில் பூட்டி இணைத்திருக்கிறார்கள். பூட்டியவர் இப்ப தொடர்பில் இல்லை. விபரம் இது:

வெளியே -2 பாகை, உள்ளே 21 பாகை என்று எடுத்தால் வெப்ப இழப்பு 42 கிலோவாற். மேல் இரண்டு மாடிக்கும் 28 ரேடியேற்றர், கீழ்த்தளத்துக்கு அண்டர்ஃப்ளோர் (தரைக்கடிச் சூடாக்கல்), 300 லீற்றர் சூடுநீர்ச் சிலிண்டர். ஒவ்வொரு பொய்லரில் இருந்தும் 22 மி.மீ செப்புக் குழாய், கிட்டத்தட்ட 5 மீற்றர் ஓடி லோ லொஸ் ஹெடருக்கு (பொய்லர் பக்க ஓட்டமும் வீட்டுப் பக்க ஓட்டமும் சந்திக்கிற தடித்த குழாய்) வருது. ஹெடர் கடையில் வாங்கினதில்லை, 54 மி.மீ செப்புக் குழாயில் அங்கேயே செய்தது. ஹெடருக்குப் பிறகு ரேடியேற்றருக்கு ஒரு பம்ப், அண்டர்ஃப்ளோருக்கு ஒரு பம்ப், சிலிண்டருக்கு ஒன்று. இரண்டு பொய்லரையும் சேர்த்து இயக்குகிற கஸ்கேட் கொன்ரோலர் பொய்லர் கொம்பனியினுடையதே. அதன் சென்சர் பொய்லர்களுக்கும் ஹெடருக்கும் இடையில் குழாயில் கட்டியிருக்கு.

பிரச்சினை மூன்று. கடும் குளிரில் இரண்டு பொய்லரும் எரியுது, திரையில் 70 பாகை காட்டுது, ஆனால் மேல்மாடி ரேடியேற்றர் இளஞ்சூடு. குளிர் குறைந்த நாளில் 1ஆம் பொய்லர் மட்டும் ஓடும். நாலு நிமிடத்துக்கு ஒருக்கா எரிந்து அணையும். மூன்றாவது, அழுத்தம் ஆறியிருக்கும்போது 1.2 பார், சூடேறினால் 2.8.

ரேடியேற்றர் பம்ப் ஏற்கனவே மாறா வேகத்தில், 3இல் நிற்குது. அடுத்த அளவு பம்ப் போட்டால் மேல்மாடி சரிவருமா?

வால்வு_வாத்தி:

தம்பி, அந்தப் பம்பில் கை வைக்காதையும். பெரிசாக்கினால் மேல்மாடி இன்னும் ஆறும். காரணத்தைப் பிறகு சொல்லுறன், முதலில் நாலு வெப்பநிலை வேணும். இரண்டு பொய்லரும் எரிந்து 20 நிமிடம் நிலையாக ஓடின பிறகு, ஹெடரின் நாலு வாயிலும் ஒரே தெர்மோமீற்றரின் கிளிப்பை வைத்து எடும்:

அ: பொய்லரில் இருந்து ஹெடருக்குள் போறது
ஆ: ஹெடரில் இருந்து பொய்லருக்குத் திரும்புறது
இ: ஹெடரில் இருந்து வீட்டுக்குப் போறது
ஈ: வீட்டில் இருந்து ஹெடருக்குத் திரும்புறது

மினுங்குகிற செம்பில் அகச்சிவப்புத் தெர்மோமீற்றர் பிழையாகக் காட்டும். அதுதான் இருக்கென்றால் கறுப்பு ரேப் (ஒட்டு நாடா) ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் பிடியும். பிறகு 2ஆம் பொய்லரை நிறுத்தி, 1ஆவது மட்டும் ஓடும்போது 2ஆவதின் இரண்டு குழாயையும் தொட்டுப் பாரும். பம்ப் திரையில் ஓட்ட அளவு காட்டினால் அதையும் எழுதும்.

நீலச்சுடர்_ஹரோ:

அ 70, ஆ 45, இ 58, ஈ 45. ரேடியேற்றர் பம்ப் திரையில் மணிக்கு 1.9 கன மீற்றர், அண்டர்ஃப்ளோர் பக்கம் ஹெடரில் இருந்து எடுக்கிறது 0.6. சிலிண்டர் அப்போது நிறுத்தி இருந்தது.

2ஆம் பொய்லரை நிறுத்தினால் அதன் ஃப்ளோவும் (வெளியே போற குழாய்) சூடு, ரிட்டேர்னும் (திரும்புற குழாய்) சூடு. சுடரே இல்லை, ஆனால் குழாயில் கையை வைத்திருக்க முடியாது.

வால்வு_வாத்தி:

நாலு எண்ணும் எல்லாத்தையும் சொல்லிப்போட்டுது.

'ஆ'வும் 'ஈ'யும் ஒன்று (45). ஆனால் 'அ'வும் 'இ'யும் ஒன்றல்ல (70, 58). இதன் பொருள்: பொய்லர் பக்கம் ஓடுகிற தண்ணீரைவிட வீட்டுப் பக்கம் கூட ஓடுது. குறைகிற தண்ணீரை வீட்டுப் பம்ப் தன்னுடைய ஆறின ரிட்டேர்னில் இருந்தே ஹெடருக்குள்ளால் இழுத்து, 70 பாகைத் தண்ணீரோடு கலந்து 58 ஆக்கி மேலே அனுப்புது. விகிதம் இப்படி: (இ − ஈ) ÷ (அ − ஆ) = 13 ÷ 25 = 0.52. வீட்டுப் பக்கம் மணிக்கு 2.5 கன மீற்றர் என்றால் பொய்லர் பக்கம் 1.3தான். இரண்டு பொய்லருக்கும் சேர்த்து!

30 கிலோவாற் பொய்லர் ஒன்றுக்கு 20 பாகை வித்தியாசத்தில் 1.29 வேணும். உமது இரண்டும் சேர்ந்து ஒரு பொய்லருக்குரிய தண்ணீரைத்தான் தள்ளுது. வெளியே வருகிற வெப்பம் 1.3 × 1.163 × 25 (1.163 என்பது ஒரு கன மீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க வேண்டிய கிலோவாற்-மணி), அதாவது 38 கிலோவாற்றுக்குக் கிட்ட. 42 தேவைப்படுகிற நாளில் மேல்மாடி ஆறாமல் என்ன செய்யும்? இதில் வீட்டுப் பம்பைப் பெரிதாக்கினால் 0.52 என்பது 0.45 ஆகும். இ இன்னும் இறங்கும்.

சென்சர் இருக்கிற இடமும் பிழை. அது 'அ' குழாயைப் பார்க்குது. 70 வந்தவுடன் 'போதும்' என்று பொய்லர்களை அடக்குது, வீட்டுக்கு 58 போறது அதுக்குத் தெரியாது. கஸ்கேட் சென்சர் ஹெடருக்குப் பிறகு, இ குழாயில் பொக்கற்றுக்குள் (சென்சரைச் செருகும் உறை) இருக்க வேணும். பொக்கற் இல்லையென்றால் வெப்பப் பசை பூசி, இறுக்கிக் கட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றும். ஆனால் சென்சரை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதையும். கொன்ரோலர் 'இ'யை ஏற்றுவதற்காக 'அ'வை 80க்கு மேலே துரத்தும், பொய்லர் தன் உச்சவரம்பில் போய் நிற்கும். ஓட்டத்தைத் திருத்தின பிறகுதான் சென்சர்.

ஓட்டம் ஏன் குறைவு? 22 மி.மீ குழாயில் 1.29 கன மீற்றர் என்றால் நொடிக்கு 1.1 மீற்றர் வேகம், மீற்றருக்கு 700 பாஸ்கல் அளவில் இழப்பு. 28 மி.மீ என்றால் 0.66 மீற்றர், இழப்பு 200தான். பொய்லரின் உள்பம்ப் தன் பலத்தில் பெரும்பகுதியை வெப்பப் பரிமாற்றிக்கே (ஹீற் எக்ஸ்சேஞ்சர்) கொடுக்குது, மிச்சத்தை 22இல் இருக்கிற வளைவுகள் தின்னுது. குழாயை வெட்ட முன்னம் இரண்டு விடயம் பாரும்: உள்பம்பின் அமைப்பு தானியங்கியில் கீழே நிற்குதா, காந்த வடிகட்டி அடைத்திருக்கா. இரண்டும் சரியென்றால் 28ஆக மாற்றத்தான் வேணும். பொய்லர் வாயில் 22 இருக்கலாம், அங்கேயிருந்தே 28 தொடங்கட்டும்.

இனி நாலு நிமிடக் கதை. 2ஆம் பொய்லர் அணைந்திருக்க அதன் குழாய் இரண்டும் சூடென்றால் அங்கே ஒருவழி வால்வு இல்லை, அல்லது குப்பை சிக்கித் திறந்தபடி நிற்குது. 1ஆவது தள்ளுகிற சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு 2ஆவதுக்குள்ளால் தலைகீழாக ஓடி நேரே ரிட்டேர்னில் விழுது. 1ஆவது தன் சூட்டையே திரும்பக் குடித்து, வரம்பைத் தொட்டு அணையுது. ஒவ்வொரு பொய்லரின் ஃப்ளோ குழாயிலும் ஒன்று வேணும். குறைந்த அழுத்தத்தில் திறக்கிற ஸ்ப்ரிங் வகை, அம்புக்குறி ஹெடரைப் பார்த்தபடி. பொய்லருக்கும் அதன் பாதுகாப்பு வால்வுக்கும் இடையில் மட்டும் எந்த அடைப்பு வால்வும் வரக்கூடாது.

நீலச்சுடர்_ஹரோ:

நன்றி அண்ணா. 2ஆவதில் ஒருவழி வால்வே இல்லை, 1ஆவதில் மட்டும் இருக்கு. ஹெடரையும் மாற்ற வேணுமா? 54 மி.மீ சின்னது என்று தெரியுது.

வால்வு_வாத்தி:

60 கிலோவாற், 20 பாகை என்றால் நொடிக்கு 0.72 லீற்றர். ஹெடருக்குள் நொடிக்கு 0.1 மீற்றர் வேகம் என்று பிடித்தால் விட்டம் 95 மி.மீ வரும், அதாவது 4 அங்குலக் குழாய். உமது 54இல் 0.34 மீற்றர் ஓடும். காற்றும் சேறும் பிரியாது, அது உண்மை. ஆனால் இப்போதைய நோய்க்கு அது காரணமில்லை. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இருக்கென்றால் முதலில் குழாயும் ஒருவழி வால்வும்; ஹெடர் அடுத்த முறை தண்ணீர் இறக்கும்போது.

அழுத்தத்துக்கு: பொய்லருக்குள் இருக்கிற விரிவுத் தொட்டி (சூடேறி விரிகிற தண்ணீரை வாங்குவது) ஒவ்வொன்றும் 10 லீற்றரா?

நீலச்சுடர்_ஹரோ:

ஓம், 10 + 10. முன்காற்று (தொட்டியில் முன்கூட்டியே அடைத்த காற்றழுத்தம்) 1.0 பார். வெளியே வேறு தொட்டி இல்லை. முழுத் தண்ணீர் 500 லீற்றர் அளவில்.

வால்வு_வாத்தி:

அப்ப தொட்டி பழுதில்லை, அதன் அளவுதான் காணாது. 500 லீற்றர் 10 பாகையில் இருந்து சராசரி 57க்குப் போனால் ஏறக்குறைய 7.6 லீற்றர் விரியும். 20 லீற்றர் தொட்டி 1.2இல் இருந்து 2.8க்கு ஏறும்போது வாங்குவது அதேயளவுதான். உமது மானி காட்டின அழுத்தம் கணக்கோடு ஒட்டுது. சிலிண்டருக்காக முழுவதும் 80க்குப் போனால் விரிவு 14 லீற்றர், 3 பார் பாதுகாப்பு வால்வு ஒழுகத் தொடங்கும். 2.5 பாருக்குள் வைக்க மொத்தம் 42 லீற்றர் வேணும். பொய்லர் ஒன்றை அடைத்துக் கழற்றினால் அதன் தொட்டியும் போய்விடும் என்பதால் உள்ளே இருப்பதைக் கணக்கிலேயே எடுக்காமல், பொது ரிட்டேர்னில் 50 லீற்றர் ஒன்று போடும். அடைப்பு வால்வு கைப்பிடி இல்லாத பூட்டு வகையாக இருக்கட்டும்.

கோவை_ஃபிட்டர்:

இடையில் நுழையறதுக்கு மன்னிக்கணும். தண்ணீர் பக்கம் அண்ணன் சொன்னதில் மாற்றமே இல்லை. கேஸ் மீட்டரை யாராவது பார்த்தீங்களா?

30 கிலோவாட் பாய்லர் முழுச் சுடரில் மணிக்கு 3.2 கன மீட்டர் இழுக்கும். இரண்டும் சேர்ந்து 6.3. வீட்டு மீட்டர் யூ6 வகை என்றால் அதன் கொள்ளளவே மணிக்கு 6 கன மீட்டர்தான். சமையல் அடுப்பு 10 கிலோவாட் என்றால் இன்னும் 0.9. இன்றைக்குத் தண்ணீர் ஓட்டம் குறைவாக இருக்கிறதால் பாய்லர் முழுசாக எரியாமல் இது மறைந்து நிற்குது. நீங்க ஓட்டத்தைச் சரி செய்ததும் வெளியே வரும்.

குழாயையும் பாருங்க. பிஎஸ் 6891 (வீட்டு கேஸ் குழாய்க்கான பிரிட்டிஷ் தரநிலை) படி மீட்டரிலிருந்து பாய்லர் வரை இழப்பு 1 மில்லிபாருக்கு மேல் போகக்கூடாது. 22 மி.மீ குழாய் 9 மீட்டர் நீளத்தில் 4.6 கன மீட்டர்தான் கொடுக்கும், 28 மி.மீ 15 மீட்டரில் 7. ஒவ்வொரு எல்போவுக்கும் அரை மீட்டர் நீளம் கூட்டிக்கணும். சோதிக்கும்போது இரண்டு பாய்லரும் அடுப்பும் சேர்ந்து முழுசா எரியணும். ஒன்றை மட்டும் எரிய விட்டு அழுத்தம் எடுத்து 'பாஸ்' எழுதறதுதான் இந்த வகை வேலையில் நடக்கிற பெரிய தப்பு.

நீலச்சுடர்_ஹரோ:

யூ6தான். குழாய் 28, 11 மீற்றர், எல்போ 6. அப்போ கணக்கில் 14 மீற்றர், குழாய் போதும். மீற்றர்தான் சிக்கல்.

கோவை_ஃபிட்டர்:

இரண்டு வழி. யூ16 மீட்டருக்கு கேஸ் சப்ளையரிடம் கேட்கலாம், ஆனால் நாள் பிடிக்கும். அதுவரைக்கும் சூடாக்கலுக்கான உச்சத்தை பாய்லர் மெனுவில் ஒவ்வொன்றுக்கும் 22 கிலோவாட் என்று வையுங்க. 44 கிடைக்கும், தேவை 42. கேஸ் 4.7, அடுப்போடு 5.6. யூ6க்குள் அடங்கும்.

ஒரு பொறி இருக்கு: அந்த வரம்பு சூடுநீருக்குப் பொருந்தாத பாய்லர் நிறைய. சிலிண்டர் கேட்டால் இரண்டும் 30க்கு ஏறிடும். கஸ்கேட் மெனுவில் சூடுநீருக்கு ஒரே பாய்லர், சூடுநீருக்கே முன்னுரிமை என்று வையுங்க. எப்படியும் 300 லிட்டர் சிலிண்டருக்குள் இருக்கிற சூடாக்கும் சுருள் 60 கிலோவாட்டை வாங்காது.

சொல்லத் தேவையில்லை, இருந்தாலும்: கேஸ் குழாயும் பாய்லர் உறையைத் திறக்கிற வேலையும் கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் வேலையாளர் பதிவேடு) பதிவு உள்ளவர் மட்டும். ஃப்ளூ (புகைக்குழாய்) முனைகள் ஒரே சுவரில் என்றால் இடைவெளி 300 மி.மீக்குக் குறையக்கூடாது, அதையும் அளந்திடுங்க. கண்டென்சேட் (பாய்லரில் ஒடுங்கி வடிகிற நீர்) குழாய்கள் ஒன்று சேர்வதும் ஒவ்வொரு பாய்லரின் சொந்த டிராப்புக்குப் (புகை வெளியேறாமல் தடுக்கிற நீர் அடைப்பு) பிறகுதான். வெளியே போகிற துண்டு 32 மி.மீ, இன்சுலேஷனோடு.

நீலச்சுடர்_ஹரோ:

வேலை முடிந்தது. பொய்லர் பக்கம் 28 மி.மீ, ஒருவழி வால்வு இரண்டு, 50 லீற்றர் தொட்டி, சென்சர் இ குழாயில். ரேடியேற்றர் பம்பை விகித அழுத்தத்துக்கு (தேவைக்கேற்ப வேகம் மாறுகிற அமைப்பு) மாற்றி, 28 ரேடியேற்றரையும் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிற வால்வான லொக்‌ஷீல்டில் 20 பாகை வித்தியாசத்துக்குச் சரிக்கட்டினது. கொன்ரோலரில் 65 வைத்தது.

இப்ப அ 65, ஆ 47, இ 65, ஈ 45. மேல்மாடி சூடு. அழுத்தம் 1.2 இல் இருந்து 1.6க்குள் நிற்குது. 'ஆ' ஏன் 'ஈ'யைவிட 2 பாகை கூட? ஏதும் பிழை மிச்சமா?

வால்வு_வாத்தி:

அது பிழையில்லை, அப்படித்தான் இருக்க வேணும். பொய்லர் பக்கம் இப்ப பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடுது: வீட்டுக்கு 1.8, பொய்லருக்கு 2.0. அந்த 0.2 ஹெடருக்குள்ளால் இறங்கி ரிட்டேர்னில் கலக்குது. 47 என்பது 55க்குக் கீழே, ஒடுக்கம் நடக்குது (புகையில் இருக்கிற நீராவி ஒடுங்கி அதன் வெப்பமும் தண்ணீருக்கு வருது), காசு மிச்சம். 'ஆ', 'ஈ'யைவிட 5 பாகைக்கு மேலே ஏறினால் மட்டும் பொய்லர் பம்பைக் குறையும்.

2ஆம் பொய்லர் எப்ப சேர வேணும் என்ற அமைப்பையும் பாரும். பழைய பொய்லர் காலத்துப் பழக்கத்தில் 1ஆவது 100 வீதம் எரிந்த பிறகுதான் 2ஆவது என்று வைப்பார்கள். கொன்டென்சிங் பொய்லருக்கு அது மறுபக்கம். 24 கிலோவாற் தேவையென்றால் ஒன்று 24இல் எரிவதைவிட இரண்டும் 12, 12 என்று மெல்ல எரிவது நல்லது. ஆனால் உமது பொய்லரின் ஆகக் குறைந்த சுடர் 6 என்றால் இரண்டுக்கும் சேர்த்து 12க்குக் கீழே இறங்க முடியாது. வீட்டுக் கணக்கு ஒரு பாகைக்கு 1.83 கிலோவாற், வெளியே 12 பாகை நாளில் தேவை 16. அதால் 2ஆவது 16 கிலோவாற்றுக்குக் கிட்டச் சேரட்டும், 12க்கு இறங்க முன்னம் விலகட்டும்.

தண்ணீர் இறக்கி ஏற்றினதால் இன்ஹிபிற்றர் (துரு தடுக்கிற மருந்து) திரும்பப் போட்டதா?

நீலச்சுடர்_ஹரோ:

இல்லை! நாளைக்குப் போடுறன். போத்தலில் 1 லீற்றர் 100 லீற்றருக்கு என்று இருக்கு.

வால்வு_வாத்தி:

அப்ப 5 போத்தல். வடிகட்டிக்குள்ளால் ஊற்றி, பொய்லரை எரியவிடாமல் எல்லாப் பம்பையும் ஒரு மணித்தியாலம் ஓட விடும். அண்டர்ஃப்ளோரின் கலவை வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, முடிந்ததும் பழைய அளவுக்கே திருப்ப மறக்காதையும். திறக்காவிட்டால் அந்தப் பக்கம் மருந்து சரியாகப் போய்ச் சேராது.